கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு கறுப்புத் திரை: குபுண்டு 22.04, என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ

வைப்பாறு | வெள்ளி இரவு 9.50

வணக்கம் நண்பர்களே. கைபேசியிலிருந்து எழுதுகிறேன். கட்டளைகளையும் ஒலிக்கிறபடி தமிழிலேயே எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். மேசைக் கணினி, இயங்குதளம் குபுண்டு 22.04 (உபுண்டு லினக்ஸின் ஒரு வகை), கிராஃபிக்ஸ் கார்டு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. வேலையெல்லாம் கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில். இன்று சாயங்காலம் வழக்கம்போல அப்டேட் கொடுத்தேன். ரீஸ்டார்ட் கேட்டது, செய்தேன். குபுண்டு சின்னம் வந்தது, மறைந்தது. அதற்குப் பிறகு திரை முழுக்கக் கறுப்பு. இடது மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கிறது. லாகின் திரை வரவே இல்லை. மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன், அதே கதைதான்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வருகிறது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போக முடிகிறது. ஆனால் அங்கே கோப்புகளைப் பட்டியலிட்டால் பாதிக்குமேல் பெயர்கள் கட்டம் கட்டமாக நிற்கின்றன. 'முகூர்த்தம்', 'மாலை மாற்றல்', 'நலங்கு' என்று பெயர் வைத்திருந்த கோப்புறைகள் அவை. நான்கு கேமராக் காட்சிகளும் அதற்குள்தான். எல்லாம் கெட்டுவிட்டதா? ஞாயிறு சாயங்காலம் பெண் வீட்டாருக்குக் கொடுத்தாக வேண்டும். கை நடுங்குகிறது.

பனங்காடு | வெள்ளி இரவு 10.05

பதற்றப்படாதீர்கள். பென் டிரைவில் குபுண்டுவை ஏற்றிப் புதிதாக நிறுவிவிடுங்கள். 20 நிமிட வேலை. இதைத் தோண்டிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

கொல்லிமலை | வெள்ளி இரவு 10.12

வைப்பாறு தம்பி, புதிதாக நிறுவ வேண்டாம். தயவுசெய்து இன்றிரவு அந்தப் பக்கம் போகாதீர்கள். வாடிக்கையாளரின் காட்சிகள் இருக்கிற கணினியில், தூக்கக் கலக்கத்தில், எந்த வட்டை அழிக்கவா என்று அது கேட்கும்போது தவறான ஒன்றைத் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு யாராலும் உதவ முடியாது. கறுப்புத் திரையால் கோப்புகளுக்கு ஒன்றும் ஆவதில்லை.

முதலில் அந்தக் கட்டங்கள். கோப்புகள் நன்றாகவே இருக்கின்றன. நீங்கள் பார்க்கிற எழுத்துத் திரைக்கு, கெர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) வரைகிற ஒரு எளிய எழுத்துருதான் உண்டு. அதிகபட்சம் 512 வடிவங்களைத்தான் அது தாங்கும். தமிழ் அதில் இல்லை. இருந்தாலும் 'கொ' போல முன்னும் பின்னும் கொம்பும் காலும் போட்டு எழுத்தைச் சேர்க்க அதற்குத் தெரியாது. வட்டில் பெயர்கள் யூனிகோடில் பத்திரமாக இருக்கின்றன, காட்டத்தான் முடியவில்லை. 

அடுத்து ஒரு கேள்வி. இன்று இல்லாவிட்டாலும் போன ஒரு மாதத்துக்குள் கார்டின் டிரைவரில் ஏதாவது மாற்றினீர்களா? எதையும் விடாமல் சொல்லுங்கள்.

வைப்பாறு | வெள்ளி இரவு 10.25

அண்ணா, நீங்கள் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

ஆமாம், மாற்றினேன். ஆனால் அது பத்து நாளுக்கு முன்பு. அதுவரை உபுண்டுவோடு வருகிற திறந்தமூல நூவோ டிரைவரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்போர்ட் செய்ய ரொம்ப நேரமாகிறதே, என்வென்க் என்கிற என்கோடர் இருந்தால் கார்டே அந்த வேலையைச் செய்யுமே என்று, ஒரு வீடியோவைப் பார்த்துத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து 535 வரிசை டிரைவரை .ரன் கோப்பாக (ஓட்டினால் தானே நிறுவிக்கொள்வது) இறக்கினேன். எழுத்துத் திரைக்குப் போய் அதை ஓட்டினேன். கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆம்' கொடுத்தேன். டிகேஎம்எஸ் பற்றி ஒன்று கேட்டது, கடைசியில் எக்ஸ் (திரையில் டெஸ்க்டாப்பை வரைகிற மென்பொருள்) அமைப்புக் கோப்பை எழுதட்டுமா என்று ஒன்று கேட்டது. இரண்டுக்கும் 'ஆம்'. பத்து நாளும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. அதனால்தான் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

கொல்லிமலை | வெள்ளி இரவு 10.31

சொன்னது நல்லதாயிற்று, விஷயம் அதில்தான் இருக்கும். இன்றைய அப்டேட்டில் புதுக் கெர்னல் வந்திருக்க வேண்டும். பழையதும் கணினியில் இருக்கும். ரீபூட் செய்து, தயாரிப்பாளர் சின்னம் மறைகிற சமயத்தில் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். எந்தக் கெர்னலில் ஏறுவது என்று தேர்ந்தெடுக்கிற கிரப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரிக்குள் போய், இரண்டாவதாக இருக்கிற பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். ரெக்கவரி என்று பெயர் போட்ட வரி வேண்டாம்.

வைப்பாறு | வெள்ளி இரவு 10.44

பட்டியல் வரவில்லை. கறுப்பில் 'கிரப்' என்று எழுதி ஒரு அம்புக்குறி நிற்கிறது.

தென்றல்வீடு | வெள்ளி இரவு 10.46

எஸ்கேப்பைப் பல தடவை தட்டிவிட்டீர்கள். ஒரு தட்டுக்குப் பட்டியல் வரும், அடுத்த தட்டு அதிலிருந்தும் வெளியே தள்ளிவிடும். அங்கேயே 'நார்மல்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். உடனே எஸ்கேப்பை ஒரே ஒரு தடவை தட்டுங்கள்.

வைப்பாறு | வெள்ளி இரவு 10.58

வந்துவிட்டது! பட்டியலில் 6.5.0-14, 6.2.0-39 என்று இரண்டு இருந்தன. 6.2-ஐத் தேர்ந்தெடுத்தேன். லாகின் திரை வந்தது, டெஸ்க்டாப் வந்தது, என் படமும் ஐகான்களும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. 'முகூர்த்தம்' கோப்புறையைத் திறந்து முதல் காட்சியை ஓடவிட்டுப் பார்த்தேன். நாதஸ்வரச் சத்தம் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா, தென்றல்வீடு அக்காவுக்கும் நன்றி.

கொல்லிமலை | வெள்ளி இரவு 11.06

முதல் வேலையாக அந்தக் காட்சிகளை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் படியெடுங்கள். அது முடிகிற வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போது டெர்மினலில் இரண்டு விஷயம் பாருங்கள். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று அடித்தால் என்ன வருகிறது? அப்புறம் /வார்/லிப்/டிகேஎம்எஸ்/என்விடியா கோப்புறைக்குள் 535 என்று தொடங்குகிற கோப்புறை இருக்கும். அதற்குள் பில்ட், அதற்குள் மேக்.லாக். அந்த லாக்கில் 'எரர்' என்ற சொல் முதன்முதலாக வருகிற இடத்தை எழுதுங்கள். கடைசியில் வருவது வேண்டாம், அது முதல் பிழையின் எதிரொலியாகத்தான் இருக்கும்.

வைப்பாறு | வெள்ளி இரவு 11.40

படியெடுத்து முடித்தேன். ஸ்டேட்டஸில் ஒரே ஒரு வரிதான்: என்விடியா 535, கெர்னல் 6.2.0-39, இன்ஸ்டால்டு. 6.5 பற்றிப் பேச்சே இல்லை.

லாக்கில் முதல் பிழை: ஜிசிசி (மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றுகிற கம்பைலர்) சொல்கிறது, 'அன்ரெகக்னைஸ்டு கமாண்ட்-லைன் ஆப்ஷன்'. அதற்குப் பக்கத்தில் 'எஃப்ட்ரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்=ஜீரோ' என்று இருக்கிறது. கீழே இதுவே திரும்பத் திரும்ப வருகிறது.

கொல்லிமலை | வெள்ளி இரவு 11.58

இனி எந்தச் சந்தேகமும் இல்லை. என்ன நடந்தது என்று விளக்கமாகச் சொல்கிறேன், இது தெரிந்தால் அடுத்த தடவை நீங்களே சரிசெய்துகொள்வீர்கள்.

டிரைவர் என்று நாம் சொல்வது ஒரே பொருள் இல்லை. ஒரு பாதி கெர்னலுக்குள் போய் உட்காருகிற மாட்யூல். இன்னொரு பாதி, எக்ஸ், ஓப்பன்ஜிஎல், என்வென்க் எல்லாம் பயன்படுத்துகிற லைப்ரரிகள். லைப்ரரிகள் கெர்னல் மாறினாலும் அப்படியே இருக்கும். மாட்யூல் அப்படி இல்லை. எந்தக் கெர்னலுக்குக் கட்டப்பட்டதோ அதில் மட்டும்தான் ஏறும். கெர்னல் மாறினால் மாட்யூலையும் மறுபடி கட்ட வேண்டும். அந்த வேலையைத் தானாகச் செய்வதற்குத்தான் டிகேஎம்எஸ். ஒவ்வொரு புதுக் கெர்னல் வரும்போதும் மூல நிரலை எடுத்து உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்து வைக்கும்.

22.04-இல் வழக்கமான ஜிசிசி 11. உங்கள் 6.2.0-39 கெர்னலும் அதே 11-ஆல் கட்டப்பட்டது, அதனால் அன்றைக்கு மாட்யூல் சிக்கலில்லாமல் உருவாகிவிட்டது. இன்று வந்த 6.5.0-14 ஜிசிசி 12-ஆல் கட்டப்பட்டது. லாக்கில் நீங்கள் பார்த்த அந்த நீளமான ஆப்ஷன் 12-இல்தான் புதிதாக வந்தது. கெர்னல் அதைக் கொடுத்துக் கம்பைல் செய்யச் சொல்கிறது, 11-க்கு அது என்னவென்றே தெரியவில்லை, நின்றுவிட்டது. ஆகவே 6.5-க்கு என்விடியா மாட்யூல் உருவாகவே இல்லை.

அப்படியானால் பழைய நூவோவாவது வந்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். .ரன் நிறுவி அதைத் தடுப்புப் பட்டியலில் போட்டுவிடும், இரண்டு டிரைவரும் ஒரே கார்டைப் பிடிக்கக் கூடாது என்பதற்காக. ஆக, ஒன்று உருவாகவில்லை, இன்னொன்றுக்கு அனுமதி இல்லை. திரையை எடுத்துக்கொள்ள ஆளில்லாமல், லாகின் திரையைக் காட்டுகிற எஸ்டிடிஎம் விழுந்துவிட்டது. நீங்கள் பார்த்த மினுக்கும் கோடு அதுதான்.

பத்து நாள் முன்பு செய்த மாற்றம் இன்றைக்கு வந்து நிற்பதற்கும் இதுதான் காரணம். நிறுவுகிற அன்று இருந்த கெர்னல் மாறாத வரை எதுவும் தெரிவதில்லை.

பனங்காடு | சனி காலை 6.30

இவ்வளவு விளக்கமாக நான் யோசித்ததில்லை. புதிதாக நிறுவச் சொன்னது தவறு, மன்னிக்கவும். ஒரு யோசனை: ஜிசிசி 12-ஐ நிறுவிவிட்டு 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' கொடுத்து, 6.5-க்கு ஹெடர்களும் (மாட்யூல் கட்டத் தேவையான கெர்னல் கோப்புகள்) இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதாதா? டிரைவரையே மாற்ற வேண்டியதில்லையே.

கொல்லிமலை | சனி காலை 7.10

போதும், இன்றைக்கு. கட்டும்போது 12-ஐத்தான் எடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், பார்த்தால் வேலை செய்யும். ஆனால் .ரன் வழியாக வைத்த கோப்புகள், பேக்கேஜ்களை நிறுவி நிர்வகிக்கிற ஆப்ட்டின் கணக்கிலேயே இல்லை. எங்கே எதை வைத்திருக்கிறது என்று ஆப்ட்டுக்குத் தெரியாது. நாளை வேறொரு பேக்கேஜ் தனக்குத் தேவை என்று என்விடியா லைப்ரரி ஒன்றை இழுத்துவந்தால் மாட்யூல் ஒரு பதிப்பு, லைப்ரரி இன்னொரு பதிப்பு என்று ஆகிவிடும். அப்போது வருகிற 'வெர்ஷன் மிஸ்மேட்ச்' இதைவிடக் குழப்பமானது. தொழிலுக்கு வைத்திருக்கிற கணினியில் உபுண்டு களஞ்சியத்தின் டிரைவர் மட்டும் இருப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

தென்றல்வீடு | சனி காலை 7.25

இருவர் சொல்வதும் சரி, ஆனால் இரண்டுமே இன்றைக்கு வேண்டாம். வைப்பாறு, 6.2-இல் எல்லாம் ஓடுகிறது, என்வென்க்கும் ஓடுகிறது. ஞாயிறு வேலையைக் கொடுத்து முடிக்கிற வரை ஒவ்வொரு தடவையும் 6.2-ஐயே தேர்ந்தெடுத்து ஏறுங்கள். அப்டேட், ஆட்டோரிமூவ் (தேவையற்ற பேக்கேஜ்களை நீக்குவது) எதுவும் கொடுக்காதீர்கள். கல்யாண ஆல்பம் கையில் இருக்கும்போது டிரைவர் சரிசெய்வது, பந்தி நடக்கும்போது அடுப்பை மாற்றிக் கட்டுகிற மாதிரி.

வைப்பாறு | சனி காலை 7.40

அக்கா சொல்வது மனதுக்குப் படுகிறது. ஞாயிறு இரவு வந்து தொடர்கிறேன்.

மருதநிழல் | சனி மதியம் 1.15

இடையில் வருகிறேன். எனக்கும் கறுப்புத் திரைதான், ஆனால் லேப்டாப், என்விடியா டிரைவரைக் களஞ்சியத்திலிருந்துதான் நிறுவினேன். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸில் 'இன்ஸ்டால்டு' என்றே வருகிறது. மாட்யூலை ஏற்ற மாட்ப்ரோப் கொடுத்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்கிறது. இதுவும் கம்பைலர் சிக்கலா?

தென்றல்வீடு | சனி மதியம் 1.50

இல்லை, இது வேறு. மாட்யூல் உருவாகியிருக்கிறது, உள்ளே விடத்தான் மறுக்கிறது. உங்கள் லேப்டாப்பில் செக்யூர் பூட் செயலில் இருக்கிறது. கணினி நம்புகிற சாவியால் கையெழுத்திடப்படாத மாட்யூலைக் கெர்னல் ஏற்றாது.

நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும், நினைவிருக்கிறதா? அடுத்த ரீபூட்டில் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது விசையை அழுத்துங்கள் என்று 10 வினாடிகள் எண்ணும். அந்தப் பத்து வினாடிக்குள் அழுத்தாவிட்டால் பேசாமல் உபுண்டுவுக்குள் போய்விடும், சாவியும் பதியாது. டீ எடுக்கப் போன நேரத்தில் அந்தத் திரை வந்து போயிருக்கலாம்.

மறுபடி அதை வரவழைக்கலாம். சாவிகளைப் பதிகிற மோக்யூடில் கட்டளையை இம்போர்ட் என்ற ஆப்ஷனோடு கொடுத்து, /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக் கோப்புறையில் இருக்கிற மோக்.டெர் கோப்பைக் காட்டுங்கள். ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைக்கச் சொல்லும். எளிய ஆங்கில எழுத்துகளாக வையுங்கள். ரீபூட் செய்து, இந்தத் தடவை கணினி முன்னாலேயே உட்கார்ந்திருங்கள். நீலத் திரையில் 'என்ரோல் மோக்', பிறகு கன்டின்யூ, யெஸ், அந்தக் கடவுச்சொல், ரீபூட். அவ்வளவுதான்.

மருதநிழல் | சனி மதியம் 2.35

வந்துவிட்டது அக்கா. நீலத் திரையை முன்பு பார்த்த நினைவே இல்லை. மிக்க நன்றி.

வைப்பாறு | ஞாயிறு இரவு 9.20

வீடியோ கொடுத்தாயிற்று. பெண்ணின் பாட்டி நலங்குப் பகுதியை இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். இனிக் கணினி. சொல்லுங்கள் அண்ணா, தயாராக இருக்கிறேன்.

கொல்லிமலை | ஞாயிறு இரவு 9.32

மகிழ்ச்சி தம்பி. எழுத்துத் திரைக்குப் போய், 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் எஸ்டிடிஎம்' கொடுத்து டெஸ்க்டாப்பை நிறுத்துங்கள். பிறகு 'சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால்'. .ரன் நிறுவி வைத்துப் போன நீக்கி அது. தான் வைத்த கோப்புகள் என்னென்ன என்று அதற்குத்தான் தெரியும். இணையத்தில் பலர் சொல்கிற 'பர்ஜ் என்விடியா நட்சத்திரம்' உங்களுக்குப் பயன்படாது, ஆப்ட் அந்தக் கோப்புகளை அறியாது.

நூவோ தடுப்பையும் எடுக்க வேண்டும். /எட்சி/மாட்ப்ரோப்.டி, /யுஎஸ்ஆர்/லிப்/மாட்ப்ரோப்.டி இரண்டிலும் 'என்விடியா-இன்ஸ்டாலர்-டிசேபிள்-நூவோ' என்ற பெயரில் கோப்பு இருந்தால் நீக்குங்கள். கடைசியாக, பூட் கோப்புகளைப் புதுப்பிக்க 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்', எல்லாக் கெர்னலுக்கும். ரீபூட்டில் 6.5-ஐயே விடுங்கள். நூவோவில் ஏறினால் பாதி வேலை முடிந்தது.

வைப்பாறு | ஞாயிறு இரவு 10.05

எல்லாம் செய்தேன். மறுபடியும் அதே கறுப்பு, அதே கோடு. எழுத்துத் திரையில் 'எல்எஸ்பிசிஐ -கே' கொடுத்துப் பார்த்தேன், கார்டுக்கு நேராக நூவோ என்றுதான் காட்டுகிறது. டிரைவர் ஏறியிருக்கிறது, திரைதான் வரவில்லை.

தென்றல்வீடு | ஞாயிறு இரவு 10.09

நீக்கும்போது பழைய எக்ஸ் அமைப்பை மீட்கட்டுமா என்று கேட்டதா?

வைப்பாறு | ஞாயிறு இரவு 10.12

கேட்டது. ஏதாவது மாறிவிடுமோ என்று 'வேண்டாம்' கொடுத்தேன்.

தென்றல்வீடு | ஞாயிறு இரவு 10.16

அதுதான். அன்றைக்குக் கடைசிக் கேள்விக்கு 'ஆம்' கொடுத்தபோது /எட்சி/எக்ஸ்11 கோப்புறையில் எக்ஸ்ஆர்க்.கான்ஃப் என்று ஒரு கோப்பு எழுதப்பட்டது. அதில் டிரைவர் என்ற வரியில் என்விடியா என்று இருக்கும். இல்லாத டிரைவரை எக்ஸ் தேடிக்கொண்டிருக்கிறது. /வார்/லாக் கோப்புறையில் எக்ஸ்ஆர்க்.0.லாக்கைத் திறந்தால் 'நோ ஸ்க்ரீன்ஸ் ஃபவுண்ட்' என்று இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் அந்தக் கான்ஃப் கோப்பே தேவையில்லை, எக்ஸ் தானே கார்டைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றி வையுங்கள். ரீபூட்.

வைப்பாறு | ஞாயிறு இரவு 10.27

லாக்கில் அப்படியே இருந்தது. பெயரை மாற்றினேன், டெஸ்க்டாப் வந்துவிட்டது, 6.5-இல். ஜன்னல்களை நகர்த்தினால் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது.

கொல்லிமலை | ஞாயிறு இரவு 10.34

நான் அந்தக் கான்ஃப் கோப்பை விட்டுவிட்டேன், தென்றல்வீடு பிடித்தது நல்லது.

மந்தம் இயல்புதான். உங்களுடையது போன்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளின் வேகத்தை நூவோவால் உயர்த்த முடியாது. அதற்கு வேண்டிய, கார்டுக்குள் ஓடுகிற ஃபர்ம்வேர் தயாரிப்பாளரின் கையெழுத்தோடுதான் ஏறும், நூவோவிடம் அது இல்லை. அதனால் பூட் ஆகும்போது இருக்கிற குறைந்த வேகத்திலேயே கார்டு ஓடும். என்வென்க்கும் கிடையாது. இனி 'உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்' கொடுங்கள். 535-க்குப் பக்கத்தில் 'ரெகமண்டட்' என்று இருந்தால் 'சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்'. நிறுவுவதற்கு முன் வருகிற பட்டியலைப் படியுங்கள். 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-என்விடியா-535' என்று தொடங்குகிற பேக்கேஜ் அதில் இருக்கிறதா? அது உபுண்டுவே கட்டிக் கையெழுத்திட்ட மாட்யூல். அது இருந்தால் உங்கள் கணினியில் கம்பைல் செய்கிற பேச்சே இல்லை. கெர்னல் மாறும்போது பொருத்தமான மாட்யூலும் கூடவே வரும்.

வைப்பாறு | ஞாயிறு இரவு 11.02

பட்டியலில் இருந்தது. நிறுவினேன், ரீபூட் செய்தேன், எதையும் தட்டாமல் நேராக 6.5-இல் லாகின் திரை வந்தது. 'என்விடியா-எஸ்எம்ஐ' கொடுத்தால் கார்டின் பெயரும் 535-உம் காட்டுகிறது. கேடென்லைவில் என்வென்க் எச்264 ப்ரொஃபைல் தெரிகிறது, ஒரு நிமிடத் துண்டை எக்ஸ்போர்ட் செய்து பார்த்துவிட்டேன்.

நீர்முள்ளி | ஞாயிறு இரவு 11.20

என் பழைய லேப்டாப்பில் ஜிடி 540எம். அதற்கும் இதே வழியா?

கொல்லிமலை | ஞாயிறு இரவு 11.31

இல்லை. அது ஃபெர்மி தலைமுறை. அதற்கான கடைசி வரிசை 390, அதன் ஆதரவு 2022-ஓடு முடிந்துவிட்டது. புதுக் கெர்னல்களோடு அதை மல்லுக்கட்ட வைப்பதைவிட நூவோவில் விட்டுவிடுங்கள். லேப்டாப் என்பதால் இன்டெல் கிராஃபிக்ஸும் கூடவே இருக்கும். அன்றாட வேலைக்கு அதுவே போதும்.

வைப்பாறு | ஞாயிறு இரவு 11.45

அந்த .ரன் கோப்பை டவுன்லோட்ஸிலிருந்து அழித்துவிட்டேன். 6.2 கெர்னல் இன்னும் இருக்கிறது, அதை விட்டுவைக்கிறேன். காலையில் ஒரு வளைகாப்பு, இனிக் கேமரா பேட்டரிகளைச் சார்ஜ் போட வேண்டும்.